நான் கடைந்த பித்தளை மூடி

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் வேலை பார்த்தேன். வால்பாறை எஸ்டேட் ஒன்றில் ஷெட்டில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்து, வீட்டு வாசலிலேயே ஞாயிறுதோறும் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டே சீட். பெட்ரோல் முள் வேலை செய்யாது. டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

என் மனைவியின் அண்ணன் மெக்கானிக். வேறு கார்புரேட்டர் மாட்டிச் சரிசெய்து கொடுத்தார். அதே வாரம், பெட்ரோல் வாடை வருகிறதே என்று நான் பித்தளையில் புது டாங்க் மூடி கடைந்து, ரப்பர் வாஷர் வைத்து இறுக்கினேன். பம்ப்புக்காரன் இல்லையா, குழாயில் துளி காற்றுப் போனாலும் தண்ணீர் ஏறாது என்பதுதான் நான் கற்ற ஒரே பாடம்.

அன்று பிடித்தது சனி. வண்டி கால் மணி நேரம் பாய்ந்து ஓடும், பிறகு இருமி நின்றுவிடும். குச்சி விட்டுப் பார்த்தால் பெட்ரோல் இருக்கும். கார்புரேட்டரை இரண்டு திருகு திருகுவேன், கிளம்பிவிடும். மறுபடி கால் மணி நேரம். பிளக், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றினேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் நாலு பேர் முன்னால் மச்சானை வேலை தெரியாதவர் என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அடுத்த மாதம் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்காரவைக்க வேண்டும். இவளுக்கு இருப்பது அந்த ஒரே மாமன். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மனைவி என்னிடம் அளந்துதான் பேசினாள்.

கோயிலில் நாள் கேட்கப் புறப்பட்டோம். மதுக்கரை தாண்டியதும் வழக்கம்போல நின்றது. மூடியைத் திறந்து குச்சி விட்டேன், பெட்ரோல் இருந்தது. குழந்தை அழவே, கார்புரேட்டரைத் தொடாமலே சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

குழந்தையை மடியில் வைத்திருந்த மனைவிதான் சொன்னாள். "ஏனுங்க, மூடியத் தொறக்கறப்ப புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சுங்க. எண்ணெ டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெ வருமுங்களா? காத்துக்கு இன்னொண்ணு போடோணுமில்லீங்க?"

பழைய மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதோ பழுது என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் குறையக் குறைய டாங்க்குக்குள் காற்றுப் போக வேண்டும். அந்த வழியை அடைத்தவன் நான். குச்சி விட மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்றுப் போய்த்தான் வண்டி கிளம்பியிருக்கிறது, நான் திருகியதால் அல்ல. அவமானமாக இருந்தது.

வண்டியைத் திருப்பி நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். மூடியை நீட்டி, தப்பு என்னுடையது என்றேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கடைஞ்சிருக்கீங்க மாப்ள. ஒரு ஓட்டை போட்டுப்போட்டா செரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு டிரில்லிங் மெஷினை எடுக்க உள்ளே போனார். வாசற்படியில் நின்று திரும்பி, "பாப்பாளுக்குக் காதுகுத்து என்னிக்குங்க?" என்று கேட்டார்.

இனிமேல்தான் நாள் கேட்க வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று மனைவி சொன்னாள்.

இன்றும் யாரையாவது குறை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், முதலில் நான் இறுக்கி மூடியது எது என்றுதான் தேடிப் பார்க்கிறேன்.