மேல் ஆணி

அந்த வாரம் முழுக்கக் காளியப்பனுக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் குழியில் பதினான்கு வருஷமாக மேஸ்திரி அவர். கூடை தூக்கும் பெண்கள் முப்பது பேர் அவர் கைக்குக் கீழே. வேலை தெரிந்த மனுஷன்தான். ஆனால் மரியாதை என்றால் உயிரை விடுவார். மாரியம்மன் நோம்பியில் முதல் தேங்காய் தன் பேருக்கு உடையாவிட்டால் மூன்று நாள் சோறு இறங்காது.

முப்பத்தாறாம் வருஷம் ஆடியில் பட்டணத்திலிருந்து புது சூப்பிரண்டு வந்தார். வந்த கையோடு ஆபீஸ் சுவரில் ஒரு பலகை அடிக்கச் சொன்னார். ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கு மேலே பேர். ஒரு கூடை கல்லைக் கொண்டுவந்து கொட்டினால் ஒரு தகர வில்லை. சாயங்காலம் அதைத் தன் ஆணியில் மாட்ட வேண்டும்; மறுநாள் காலையில் பலகை காலியாகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் யார் ஆணியில் வில்லை குறைவோ, அந்த மூன்று பேர் வீட்டுக்குப் போகலாம். ஆள் குறைப்பாம்.

குமாஸ்தா பெண்களின் பேரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். காளியப்பனுக்குப் பொறுக்குமா? மேஸ்திரி பேர் இல்லாமல் ஒரு பலகையா என்று மல்லுக்கு நின்றார். குமாஸ்தாவும் தொல்லை விட்டால் போதுமென்று உச்சியில் ஓர் ஆணி அடித்து, அவர் பேரை எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் குஞ்சம்மாளின் நினைப்பு வந்தது. கூடை தூக்குகிறவளுக்கு ஏழு மாசம் கர்ப்பம். தலைகீழாக நின்றாலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கூடைக்கு மேல் அவளால் ஆகாது. சனிக்கிழமை அவளைத் தன் வாயாலேயே போகச் சொல்ல வேண்டும். அந்த நினைப்பில் குழி மேட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், தலைப்பாகையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார், அவளையே அதிகமாகத் திட்டினார். பயந்தவன் வாய் அப்படித்தானே போகும்!

புதன்கிழமை ஒரு கூத்தைக் கண்டார். எல்லோரையும்விட வேகமாகக் கூடை தூக்கும் பாவாயி, தன் வில்லைகளில் ஐந்தைக் குஞ்சம்மாள் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். இது களவு என்று காளியப்பன் கத்தினார்.

பாவாயி நிதானமாகத் திரும்பினாள். “ஏனுங்க மேஸ்திரி, களையெடுக்கறப்ப நமக்கு விட்ட வரிசை, நம்ம மொனை முடிஞ்சுதுன்னா, பக்கத்து மொனைக்காரிக்குக் கை குடுக்கறதில்லீங்களா? அவ குனிஞ்சு கெடக்கையில நாம வரப்புல நின்னு வேடிக்கை பாக்கறதுங்களா?”

காளியப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். பட்டணத்துக்காரனுக்கு வயக்காட்டு நியாயம் தெரியாது என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். ஆனால் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

சனிக்கிழமை சூப்பிரண்டு பலகை முன்னால் வந்து நின்று எண்ணினார். முப்பது ஆணியிலும் பதினெட்டு, பதினெட்டு. திரும்ப எண்ணினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காளியப்பனுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. அடி சக்கை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

சூப்பிரண்டின் விரல் மெல்ல மேலே போயிற்று. உச்சி ஆணி வெறுமையாக இருந்தது.

இது யார் என்று கேட்டார். குமாஸ்தா சொன்னார். நின்று அதட்ட ஆள் வைத்தாலும், வைக்காவிட்டாலும் வேலை இதேதான் நடக்கும் போலிருக்கிறது என்றார் சூப்பிரண்டு. மூன்று பெண்களின் கூலி ஒரு மேஸ்திரிக்குப் போகிறது. ஒருவரைக் குறைத்தாலே கணக்குச் சரி. வேண்டுமானால் அவரும் கூடை தூக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காளியப்பன் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்து தீர்த்தார். திங்கட்கிழமை தலைப்பாகையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக் கூடையைத் தூக்கினார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பதினொன்றுதான் ஆயிற்று.

எல்லோரும் மாட்டி முடிக்கட்டும் என்று வெட்கத்தோடு ஒதுங்கி நின்றார். கடைசியில் பலகையருகே போனபோது, அவர் ஆணியில் ஏற்கெனவே ஆறு வில்லை இருந்தது. குஞ்சம்மாள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எக்கி, ஏழாவதை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்க மொனை இன்னும் முடியலீங்களே, அதுக்குத்தானுங்க” என்றாள்.

காளியப்பன் தன் பதினொன்றையும் அதற்குமேல் மாட்டினார்.