அயர்லாந்து என்று மட்டும் எழுதியிருந்தது

றாஸிக் கல்முனையில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். வயது நாற்பத்தாறு. பதினொரு வருடம் கத்தாரில் உழைத்து, லீவு கேட்டும் கெஞ்சியும் சலித்துத் திரும்பியவர். இனி வெளிநாடு போனால் உரிமையோடுதான் போவேன் என்பார். அதற்கு ஒரு வழியும் இருந்தது. அவருடைய உம்மாவின் வாப்பா அயர்லாந்தில் பிறந்தவர். பேரன் அந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். அந்தப் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

பாட்டனார் கல்முனை நெல் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். இஸ்லாத்துக்கு மாறி, இங்கேயே கல்யாணம் முடித்து, உம்மா கைக்குழந்தையாக இருக்கும்போது மௌத்தானார். ஊருக்கு அவர் வெள்ளை மாப்பிள்ளை. பழைய பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆலை மூடிப் பல காலம். மையவாடியில் அவருடைய கப்றின் தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டையில், ஊர் வழக்கப்படி, ஓர் எழுத்தும் இல்லை.

அலைந்து திரிந்து கல்யாணப் பதிவின் பிரதியை றாஸிக் எடுத்தார். பெயர் அப்துல் கரீம். தகப்பன் அப்துல்லாஹ். பிறந்த இடம் அயர்லாந்து. எந்த ஊர் என்று இல்லை.

மதம் மாறியது மகன் மட்டும்தான், அதனால் தகப்பன் பெயர் உண்மையாகத்தான் இருக்கும் என்று றாஸிக் கணக்குப் போட்டார். அப்படியானால் அந்த அப்துல்லாஹ் அயர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் தங்கிவிட்ட அரபிக் கப்பல்காரராக இருக்க வேண்டும். பிள்ளை தாயின் மதத்தில் வளர்ந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் துறைமுக ஊர் ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதினார். அப்படி ஒருவர் இல்லை என்றே எல்லாப் பதிலும் வந்தது. "கப்பல்காரன்ட பரம்பரைக்குத் தோணியில ஏறினாலே தலை சுத்திச் சத்தி வருதே" என்பாள் மனைவி றிஸ்னா.

கடைசியில் மீராமுகைதீனிடம் போனார். கூடப் படித்தவர், இப்போது உம்மாவின் குடிக்காக, அந்தத் தாய்வழிக் கூட்டத்துக்காக, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார். உம்மம்மாவின் வழியில் ஏழு தாய்மாரின் பெயரையும், அவரவர் சீதனமாகக் கொண்டுபோன வயலையும் அவர் தடங்கலில்லாமல் சொன்னார். பிறகு பிரதியை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இது வாப்பாட பேரில்ல மச்சான். ஆரு இஸ்லாத்துக்கு வந்தாலும் வாப்பாட இடத்துல அப்துல்லாஹ் எண்டுதான் எழுதுற."

"அப்ப அவர்ட வாப்பா ஆரு?"

"அத ஆரு கேட்ட? குடி பொம்புளட பக்கம். மாப்புள நல்லவனா எண்டு பாத்திருப்பாங்க, அவ்வளவுதான்."

அல்லாஹ்வின் அடிமை என்பதே அந்தப் பெயரின் பொருள். வந்தவரை அந்நியர் என்று ஒதுக்காமல் சேர்த்துக்கொண்ட கைதான் அதை எழுதியது. அந்தப் பெருந்தன்மையைக் குறை சொல்வது கடினம். பாராட்டவும் றாஸிக்குக்கு மனம் வரவில்லை. தெரிந்திருந்தால் முதல் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டார். இனித் தேடுவதற்கு ஒரு பெயரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, கடிதக்கட்டு முழுவதையும் மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். றிஸ்னா கேலிக்கு வாயெடுத்தவள், முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏஜென்சிக்காரன் காலையிலயும் கோல் எடுத்தான்" என்றாள். "திங்கக்கிழமையோட ஆள் எடுத்து முடியுதாம். என்ன சொல்ற?"

"எங்கயாம்?"

"கத்தார்தான்."

அவர் கடிதக்கட்டை மேசையோரம் தள்ளிவைத்தார்.

"ஓம் எண்டு சொல்லு."