பவர் ஹவுஸில் வந்த சாமி

கிழங்கு மாவு மில் என்றாலே எனக்கு இன்றும் குமட்டும். எண்பதுகளில் தருமபுரிக்கு வெளியே அப்படி ஒரு மில்லில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கிழங்குத் தண்ணீர் தேங்கிப் புளித்து நாறும். முன்பக்கம் மேனேஜர் உட்கார்ந்திருப்பார். இரண்டில் எது தேவலை என்று சொல்வது கஷ்டம்.

மின்வெட்டு மிகுந்த காலம். பகல் முழுக்க டீசல் எஞ்சின்தான் மில்லை ஓட்டியது. அது இருந்த தகரக் கொட்டகைக்குப் பவர் ஹவுஸ் என்று பெரிய பெயர். எஞ்சின் கக்கும் புகை ஒரு குழாய் வழியாகச் சுவரைத் தாண்டிப் புகைபோக்கிக்குப் போகும். மேனேஜர் காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். புகை மெலிதாக வந்தால் எஞ்சின் நலம். அவருக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான். அந்த சீசனில் புகை ரொம்பவே மெலிந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மிச்சப் புகை கொட்டகைக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது.

குழாய் எஞ்சினோடு சேரும் இணைப்பில் கருப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்பைச் சுற்றிக் காட்டினேன். ஓரிடத்தில் பத்திப் புகை சட்டென்று விலகி ஓடியது. உள்ளே கசிவை அடைக்கும் பேக்கிங் தீய்ந்திருந்தது. மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“நாத்தம்தானே? சாம்பிராணி போடச் சொல்லு. எஞ்சின நிறுத்துனா அரைச்ச மாவு அத்தனையும் புளிச்சுப் போவும். சீசன் முடியட்டும்.”

“நாத்தம் இல்லீங்க சார். அந்தப் புகையில வாசனையே இல்லாத வெசம் இருக்குது. ஆளே போயிருவான்.”

“வாசனையே இல்லீன்னா உனக்கெப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டுவிட்டு, தன் கெட்டிக்காரத்தனத்துக்குத் தானே சிரித்தார்.

அன்று முதல் வேளை தவறாமல் சாம்பிராணி. டீசல், புளித்த மாவு, சாம்பிராணி மூன்றும் சேர்ந்த அந்த நெடியை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

நான் வாசலோரம் சுவிட்ச் பேனல் பக்கம் நிற்பேன். மாட்டிக்கொண்டவர் ஆயில்மேன். இணைப்புக்குப் பக்கத்திலேயே நின்று எண்ணெய் விடுவது அவர் வேலை. அவருக்குத் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம். டீயைத் தவிர எதையும் குடிக்காத மனிதரை மில்லே குடிகாரன் என்றது. இன்னொரு தடவை தள்ளாடினால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார் மேனேஜர். வீட்டில் மனைவியும் நம்பவில்லை. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாளாம்.

வெள்ளிக்கிழமை எஞ்சினுக்குப் பூஜை. ஓடுகிற எஞ்சினுக்குத்தான் தீபாராதனை காட்டுவார்கள். காற்றில் கற்பூரம் அணையக் கூடாதென்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். வேண்டாம் என்றேன். தெய்வக் குற்றம் என்றார்கள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆயில்மேன் கண் செருகி, உடம்பு உதற, மடங்கி விழுந்தார்.

“சாமி வந்திருச்சு” என்றார் ஒருவர்.

மேனேஜர் பயபக்தியோடு சாம்பிராணிக் கரண்டியை வாங்கி அவர் மூஞ்சிக்கு நேரே பிடித்தார். “கரண்ட் கட்டு எப்பத் தீரும்னு ஒரு வாக்குச் சொல்லு தாயி” என்று கேட்டார். முந்தின நாள் அதே மனிதரைக் குடிகார நாயே என்ற வாய் அது. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கதவை உதைத்துத் திறந்தேன். சாமி வந்த ஆளைத் தொடக் கூடாதென்று என் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு, அவர் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டேன். காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் விழித்தவர், வாந்தி எடுத்தார். நான் யாரையும் கேட்காமல் எஞ்சினை நிறுத்தி, பேக்கிங் மாற்றி, போல்ட்டுகளை இறுக்கினேன். மாவு புளித்தது. சாமி சம்பந்தப்பட்ட விஷயம் என்று மேனேஜர் வாயே திறக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆயில்மேன் திடமாக நடந்தார். கண்டவர்கள் கும்பிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மில்லே வந்து அவரைச் சுற்றி நின்றது. சாமி வரவில்லை.

“மறுபடி குடிக்க ஆரம்பிச்சிருப்பான்” என்றார் மேனேஜர்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னால் பத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை விலகி ஓடியது. போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. ஸ்பேனர் ஆயில்மேன் கையில் இருந்தது. அவர் அதை ஒளிக்கக்கூட இல்லை.

“என்னண்ணா இது? செத்துப் போயிருவீங்க.”

“வெசமாவே இருக்கட்டுங்க தம்பி. சாமி வந்துச்சுன்னு கேட்ட அன்னிக்கு எம் பொண்டாட்டி எதிர்ல உக்காந்து சோறு போட்டா. போன வாரம் வரலீன்னதும் மறுபடி தட்ட நகத்தி வெச்சிட்டுப் போயிட்டா.”

மேனேஜர் மேல் வந்த அருவருப்பு அந்த மனிதர் மேல் எனக்கு வரவில்லை. எஞ்சினை நிறுத்தி இணைப்பை மறுபடி இறுக்கினேன். மில்லின் வெல்டர் பாயைக் கூப்பிட்டு, இனி யாரும் கழற்ற முடியாதபடி நட்டுகளைப் பற்றவைக்கச் சொன்னேன். ஆயில்மேன் தடுக்கவில்லை. பாய் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் குடிகாரன்தானுங்களா தம்பி” என்றார்.