மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று

என் அப்பாவைப் பட்டறையில் 'கிடார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிடாரை அவர் கையால் தொட்டதுகூடக் கிடையாது. மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் வேலை. எரிந்துபோன பம்பு மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். வேலை நடக்கும்போது வாயில் ஒரே பாட்டு ஓடும். பல வருடங்களுக்கு முன் உலகத்தையே ஆட்டிவைத்த ஒரு ராக் அண்ட் ரோல் பாடகரின் பாட்டு. மெட்டு பாடகருடையது. வார்த்தைகளில் பாதி அப்பாவின் சொந்தத் தயாரிப்பு.

அந்தப் பாடகரின் புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பு ஒன்று எங்கள் வீட்டில் இசைத்தட்டாக இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்கும் ரெக்கார்டு பிளேயரை, நான் பிறப்பதற்கு முன், மோட்டார் எரிந்த நிலையில் அடிமாட்டு விலைக்கு வாங்கி, அப்பாவே காயில் கட்டி ஓடவைத்தார். அந்தப் பாட்டை அவர் முதன்முதலில் கேட்டதே அதில்தான். எப்போதாவது வானொலியில் அது வந்தால், "ரேடியோக்காரன் அவசரத்துல ஓட்டுறான்" என்று அணைத்துவிடுவார்.

இந்த வருடம் அதே தொகுப்பை இசை நிறுவனம் சி.டி.யாக மறுபடி வெளியிட்டது. இருபது பாட்டு. கூடவே ஓர் இனாம்: அப்பாவின் பாட்டு, குரல் இல்லாமல் வெறும் வாத்தியங்களோடு. அப்பா ஓய்வு பெற ஆறு வாரம் இருந்தது. வழியனுப்பு விழாவில் அந்த வாத்தியத்தோடு அவர் பாடட்டும் என்று ஆசைப்பட்டு என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேன். அவரும் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான்.

முதல் பாட்டு ஓடத் தொடங்கியதும் அப்பாவின் முகம் சுருங்கியது.

"யார் இது?"

"அவர்தான்பா."

"அவர் தம்பியா இருக்கும். ஓடுறான் பாரு, பஸ்ஸைப் பிடிக்கப் போறவன் மாதிரி."

"நீங்க நகர்றது மெதுவா இருக்கு. அந்தாளு சரியாத்தான் பாடறார்" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

"உனக்கு என்ன தெரியும்? உனக்கு மிக்ஸி ஓடுறதும் பாட்டு ஓடுறதும் ஒண்ணுதான்."

வாத்திய இசையோடு பாடிப் பார்த்தார். வேகத்துக்கு மூச்சு வாங்கியது. உச்சத்தில் குரல் பிசிறிக் கீச்சென்று நின்றது. அப்பாவுக்கு அறுபது வயது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே கீச். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள்.

"மோசடி. சி.டி.ல இடம் பத்தணும்னு பாட்டை வேகமாக்கிட்டாங்க. இதோட நான் பாட மாட்டேன். தப்பை ஒத்துக்கிட்டு வேற அனுப்பட்டும், அப்புறம் பாடறேன்."

கடையில் இரண்டு முறை மாற்றினோம். "எல்லாம் ஒரே அச்சுதான் சார்" என்று கடைக்காரர் கும்பிடாத குறையாகச் சொன்னார். அதன் பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சவதானே? எழுது."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. மாமாவின் வங்கி விண்ணப்பம், சித்தியின் மின்கட்டணப் புகார், இப்போது ராக் அண்ட் ரோல். நான்கு கடிதம் எழுதினேன். 'ஆதி ஒலிநாடாவில் உள்ள அதே வேகம்தான், எதையும் மாற்றவில்லை' என்று நிறுவனம் மரியாதையாகப் பதில் அனுப்பியது.

"நழுவுறாங்க. இன்னும் காரமா எழுது."

"இதுக்கு மேல காரமா எழுதினா போலீஸ் வரும்பா."

"வரட்டும். அவங்க முன்னாடி போட்டுக் காட்டறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, வெறுத்துப்போய் எங்கள் பழைய இசைத்தட்டைப் போட்டேன். அதன் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணினேன். அந்த வகைத் தட்டு மூன்று நிமிடத்துக்குச் சரியாக நூறு முறை சுற்ற வேண்டும். தொண்ணூற்று நான்கு வந்தது. மறுபடி எண்ணினேன். தொண்ணூற்று நான்கு.

மோசடியைக் கண்டுபிடித்துவிட்டேன். அது எங்கள் கூடத்து மர மேசையின் மேலேயே இருந்தது. அப்பா கட்டிய மோட்டாருக்கு வலு போதவில்லை. அவர் ஆயுசு முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது கொஞ்சம் மெதுவான, கொஞ்சம் கீழிறங்கிய ஒரு பாட்டு.

விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. மற்ற பட்டறைகள் கைவிட்ட மோட்டார்கள் அப்பாவிடம்தான் வரும். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் அவரிடம் போய், 'உங்க மோட்டார்தான் தப்பு' என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலிருப்பது பாசத்தினாலா, பயத்தினாலா என்றும் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு சந்தேகமும் இருந்தது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பது உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்ததோ என்னவோ. நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"வாயைத் திறந்துடாதே. சொன்னேன்னா அந்த மிஷினைப் பிரிச்சுக் கூடம் முழுக்கப் பரப்பி வைப்பாரு. ஒரு மாசம் நான் தாண்டித் தாண்டி நடக்கணும்" என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அந்த வாத்திய இசையை நூற்றுக்குத் தொண்ணூற்று நான்காக மெதுவாக்கி, ஒரு வெற்று சி.டி.யில் பதிந்து கொடுத்தார். அதை அப்பாவிடம் நீட்டினேன்.

"கம்பெனி அனுப்பியிருக்குப்பா. திருத்தின காப்பி."

கண்ணை மூடிக் கேட்டார். தொடையில் ஓங்கி அடித்தார். "வந்தான் பாரு வழிக்கு!"

விழா பட்டறையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அப்பா பாடினார். உண்மையைச் சொன்னால், நன்றாகவே பாடினார். உச்சத்தில் குரல் அலுங்காமல் போய் உட்கார்ந்தது. "கிடாரு! இன்னொரு தடவை!" என்று பின்வரிசை விசிலடித்தது. அதோடு இறங்கி வந்திருக்கலாம். மைக்கை விடவில்லை.

"எவ்வளவு பெரிய கம்பெனி! தப்பான வேகத்துல பாட்டை வித்துட்டு, இல்லேன்னு சாதிச்சான். விட்டேனா? கடைசியில ஒத்துக்கிட்டு, திருத்தி அனுப்பிட்டான். லெட்டர் எழுதினது யாரு? அதோ, என் பொண்ணு. காலேஜ் படிச்சவ!"

மொத்தக் கூடமும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டியது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா, "நல்லா வாங்கிக்கோ" என்று முணுமுணுத்தாள்.

இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் என் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டைப் பண்ணு. முதல்ல நன்றி. ஒரு பாட்டைத் திருத்தினதுக்கு. அப்புறம், மீதிப் பத்தொன்பது பாட்டையும் இதே மாதிரி திருத்தி அனுப்பணும்."

"பத்தொன்பதுமா?"

"பின்னே? ஒண்ணைத் திருத்தத் தெரிஞ்சவனுக்கு மத்ததைத் திருத்த என்ன வலி? அடுத்த வரி. முப்பத்தெட்டு வருஷமா நான் கட்டின மோட்டார் எதுவும் ஒரு சுத்துகூடக் குறைஞ்சது கிடையாதுன்னு போடு."

என் விரல்கள் நின்றுவிட்டன. அந்த வரியை என்னால் அடிக்க முடியவில்லை.

"அப்பா, நம்ம ரெக்கார்டு பிளேயர் எத்தனை சுத்து சுத்துதுன்னு என்னிக்காவது எண்ணிப் பாத்தீங்களா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எதுக்கு எண்ணணும்? நானே கட்டினது."

"சும்மாதான். மூணு நிமிஷத்துக்கு நூறு வரணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய்த் தட்டைப் போட்டார். ஓரத்தில் அவரே ஒரு காகிதத் துண்டை ஒட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் அது தன் நகத்தை உரசும்படி விரலை வைத்துக்கொண்டார். நான் என் கைப்பேசியில் மூன்று நிமிடத்துக்கு மணி வைத்தேன். அவர் சத்தமாக எண்ணினார். அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"தொண்ணூத்திரண்டு. தொண்ணூத்திமூணு. தொண்ணூத்திநாலு."

கைப்பேசி அலறியது. அப்பா தலையைத் தூக்கவில்லை. இன்னொரு கையை நீட்டி அதைக் குப்புறக் கவிழ்த்தார். அது கவிழ்ந்தபடியே அலறிக்கொண்டிருந்தது.

"தொண்ணூத்தஞ்சு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "தொண்ணூத்தாறு."

நூறு வரைக்கும் எண்ணினார். பிறகுதான் ஊசியைத் தூக்கினார்.

"நூறு. வந்துச்சா?"

"வந்துச்சுப்பா" என்றேன்.

காகிதத் துண்டை உரித்து, உருட்டி, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த முப்பத்தெட்டு வருஷ வரி வேணாம். லெட்டர் நீளமாயிடும்" என்றார். "மத்ததை அடி. இன்னும் பத்தொன்பது பாட்டு பாக்கி இருக்கு."