ராத்தாவின் மாப்பிள்ளையும் வாப்பாவின் பிரீதரும்

கார் இஞ்சின் தன் மூச்சை வெளியே விடுவது நல்லதா, உள்ளேயே விழுங்கிக்கொள்வது நல்லதா? மூத்தவள் ராத்தாவின் கல்யாணத்துக்கு முந்திய வாரம் வாப்பா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருப்பவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது வாப்பாவின் எண்ணம்.

எங்கள் ஊர் மருதமுனையில் வந்து நளீர் யார் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். 'மாப்பிள்ளைக் கார் நளீர்' என்றால் நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து விடுவார்கள். பிள்ளை பெறப் போகிறவர்களை ஆஸ்பத்திரிக்கும், வயல்காரர்களை நாவிதன்வெளிக்கும் வாப்பா ஏற்றிப் போவதுண்டு. ஆனால் அவருக்குப் பெயர் கொடுத்தது, கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பெண் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கும் மாப்பிள்ளை ஓட்டம்தான். எங்கள் தெருவில் குடியிருக்கும் மருமகன்மாரில் பாதிப்பேர் அந்தக் காரில் வந்து இறங்கியவர்கள். மனைவியோடு கோபித்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் வாப்பாவிடம் வந்து நின்று, அண்ணன் முறை வைத்து, "காக்கா, அண்டைக்கு இந்த வாசல்ல பிரேக் அடிக்காம நேரா ஓட்டியிருக்கலாமே" என்பார்கள்.

கார் கிழடாகிவிட்டது. பின்னால் நீலப் புகை தள்ளும். பக்கத்து வீட்டு மீராசா காக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "டேய் நளீர், நுளம்புக்கு மருந்தடிக்க வாறண்டா முந்திச் சொல்லு! சோத்துப் பானைய மூடணும்" என்று கத்துவார். கொசுவுக்குப் புகையடிக்கும் வண்டி என்று தெருவே சிரிக்கும். வாப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவரப் புதிய வெள்ளை வாகனம் ஒன்று தாங்களே தருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். வாப்பாவுக்கு அது நெஞ்சில் குத்தியது.

"ஊராக்கள்ட மாப்பிள்ளமார் எல்லாரையும் நான் கொண்டு வந்து இறக்கினன். என்ட மகள்ட மாப்பிள்ள வேற கார்ல வந்தா மறுகா என்னத்துக்கு எனக்கு இந்தப் பேரு? என்ட வாசல்ல, என்ட கார்லதான் இறங்கணும்."

புகையை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் கல்முனைக்குடி மெக்கானிக் இன்ஸாப் பிரீதர் பூட்டச் சொன்னார். இஞ்சினின் தலைமூடியை வால்வ் கவர் என்பார்கள். உள்ளே சேரும் சூட்டுக் காற்று அதிலிருந்து ஒரு குழாய் வழியாகத் திரும்பவும் இஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். இஞ்சின் தேய்ந்தால் அந்தக் காற்றோடு ஒயிலும் போகும். நீலப் புகை வரும். குழாயைக் கழற்றிவிட்டு அந்த வாயில் காளான் போன்ற ஒரு சின்ன வடிகட்டியைப் பூட்டினால் இஞ்சின் வெளியே மூச்சு விடும். அந்தக் காளான்தான் பிரீதர்.

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு காலமும் அது மூச்சு விடாமலா ஓடின?"

"உனக்கு விளங்காது நஸீறா. அது உள்ளுக்க விட்டுக்கிட்டு இரிந்த."

"அப்ப உள்ளுக்கயே விடட்டும். வெளிய விட்டா நாறுமே."

வாப்பா பூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் புகை குறைந்தது. மீராசா காக்காவே வாசலில் நின்று பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தாமல் உள்ளே போனார். ஆனால் உம்மா சொன்னதும் நடந்தது. முன்பு தெருவுக்குப் போன நாற்றம் இப்போது பொனட்டுக்குள்ளிருந்து காருக்குள்ளேயே வந்தது. உம்மா கொஞ்சத் தூரம் போய் வந்து, "மாப்பிள்ளய கொண்டாறீங்களா, கருவாடு போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

கல்யாணத்தன்று காலையில் வாப்பா பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கையில் இன்னும் உடுத்தாத புதுச் சாரன் ஒன்றிலிருந்து கிழித்த துண்டு. மேசையில் மாப்பிள்ளைக்கென்று வைத்திருந்த அத்தர் போத்தல் பாதியாகியிருந்தது. துண்டை அத்தரில் நனைத்து, பிரீதரைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மணம் பறந்துவிடக் கூடாதென்று மேலே ஒரு சொப்பிங் பையையும் போட்டு றப்பர் பட்டியால் வரிந்தார்.

"இப்ப மூச்சு விடட்டும், மணக்க மணக்க" என்றார்.

சாய்ந்தமருதிலிருந்து கல்முனை தாண்டும்வரை கார் மணத்ததாம். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும்தான் விஷயம் கெட்டது. வெளியே போக வழியில்லாத காற்று, ஒயில் அளவு பார்க்கும் கம்பியைத் தள்ளி வெளியே எறிந்தது. ஒயில், புகை போகும் சூட்டுக் குழாயில் கொட்டியது. பொனட்டின் நாலு பக்கத்தாலும் வெள்ளைப் புகை. வாப்பா பயந்து இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பொனட்டைத் திறந்து பார்த்தார்.

நாங்கள் பெண்கள் வாசலில் குரவை போட வாயைக் குவித்துக்கொண்டு நின்றோம். மீராசா காக்காதான் முதலில் கண்டார். இந்த முறை அவர் பகிடியாகக் கத்தவில்லை.

"மருந்தடிக்க வந்துட்டானுகள்! சாப்பாட்ட மூடுங்க!"

சமையற்காரர்கள் சட்டி மூடிகளைத் தேடி ஓடினார்கள். பெரியம்மாமார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். மாப்பிள்ளை வந்தபோது எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. நான் மட்டும் வெளியே அகப்பட்டுக்கொண்டேன். புகைக்குள்ளிருந்து அத்தர் வாசம் வந்ததும், "எங்கட வாப்பாட கார்!" என்று கதவில் அடித்தேன்.

மாப்பிள்ளை ஸஹீத் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். நடந்தால் கொஞ்சத் தூரம்தான். வாப்பா ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்காதீங்க மகன். வாசல் இன்னும் வரல்ல."

அவர் முகமெல்லாம் கரி. ஸஹீத் மச்சான் அந்த முகத்தைப் பார்த்தார்; காலை உள்ளே எடுத்தார்; கதவைத் தானே சாத்திக்கொண்டார். கண்ணாடியால் தலையை நீட்டி, "தள்ளுங்கடா!" என்று பின்னால் வந்துகொண்டிருந்த தன் கூட்டாளிமாரைக் கூப்பிட்டார்.

வெள்ளை உடுப்போடு அவர்கள் தள்ளினார்கள். மீராசா காக்காவும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோள் கொடுத்தார். வாப்பா ஸ்டியரிங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, தேவையே இல்லாமல் ஹோன் அடித்துக்கொண்டு வந்தார். வாசலில் பிரேக் அடித்தார். கதவு திறந்தது, குரவை எழுந்தது, மாப்பிள்ளை இறங்கினார்.

உள்ளே போகும்போது மச்சான் மெதுவாகக் கேட்டார்: "மாமா, அதுட மூக்கப் பொத்தினது ஆரு?"

"நான்தான் மகன்" என்றார் வாப்பா.

உம்மா முந்திக்கொண்டு சொன்னார்: "என்ட வாயயும் அப்படித்தான் பொத்திப் பார்த்தாரு, ஏலாமப் போயிட்டு."

பிறகு இன்ஸாப் பிரீதரைக் கழற்றிப் பழைய குழாயையே பூட்டினார். ஒயிலைப் பிடிக்க நடுவில் ஒரு போத்தல் வைத்தார். அதை ஊற்றிக் கழுவுவது என் வேலை. அதனால் இன்று எனக்குப் பதில் தெரியும்: மூச்சு உள்ளே போனாலும் சரி, வெளியே போனாலும் சரி, வழியை மட்டும் கட்டக் கூடாது.

ஆனால் சாய்ந்தமருதில் இன்னொரு கதை உலாவுகிறது. பெண் வீட்டாருக்குப் பெற்றோல் அடிக்க வக்கில்லாமல் மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று. வாப்பாவால் தாங்க முடியாதது இது ஒன்றுதான். அங்கே உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். டேங்க் நிறையப் பெற்றோல் இருந்தது.