நான்கு வாள் சீட்டு

1. எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார்.
2. ஃபேக்டரியில் நீண்ட விடுப்பு கிடைத்தது. நன்றாகத் தூங்கினால்தான் இதயம் தேறும் என்றார் டாக்டர்.
3. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த அம்பத்தூர்த் தோழி அவரைப் பார்க்க வந்தாள். அவள் பையில் குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு இருந்தது.
4. அப்பாவை நினைத்து அம்மா ஒரு சீட்டு எடுத்தாள்.

வந்தது நான்கு வாள். அந்தக் கட்டில் அது சின்னச் சீட்டுகளில் ஒன்று. கல்லறை மேல் ஒரு வீரன் மல்லாந்து கிடக்கிறான். மார்பின் மேல் கைகள் கூப்பியிருக்கின்றன. சுவரில் மூன்று வாள், அவனுக்குக் கீழே ஒன்று.

எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் கிடத்தியதும் கைகளைச் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். அம்மா சீட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாவு இல்ல ஆன்ட்டி. சண்டைக்கு நடுவுல படுத்துகினு கீறான், அவ்ளோதான். ரெஸ்ட் எடுன்னு சொல்ற சீட்டு" என்றாள் தோழி.

"ரெஸ்ட் எடுக்கறவனுக்கு எதுக்கும்மா கையைச் சேத்து வெச்சிருக்கு?" என்றாள் அம்மா.

அது வந்தால் பெரிய முடிவு எதுவும் எடுக்காமல், வேலையைத் தள்ளிப்போட்டு, உடம்பு தேறக் காத்திருக்க வேண்டும் என்று தோழி விளக்கினாள். சர்க்யூட் படம் படித்துப் பழகிய எனக்கு அது புரிந்தது. குறி வேறு, பொருள் வேறு.

ஆனால் அப்பா எப்போதுமே மல்லாந்து, மார்பில் விரல்களைக் கோத்துக்கொண்டுதான் தூங்குவார். மதியம் அவர் கண்ணயர்ந்ததும் அம்மா போய்க் கைகளைப் பிரித்து இருபுறமும் வைப்பாள். அவர் விழித்துக்கொள்வார். மறுபடி தூங்குவார், விரல்கள் தாமாகச் சேரும், அம்மா மறுபடி போவாள். கரன்ட் போய் ஃபேன் நின்ற மதியங்களில் வீடு அசைவற்றுக் கிடக்கும். நானும் வாசற்படியில் நின்று அவர் முகத்தைப் பார்க்குமுன் கைகளைத்தான் பார்ப்பேன். தூங்கச் சொன்ன சீட்டு அவரைத் தூங்கவிடவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது.

"என்னைப் பொணமாவே பாக்கறியா?" என்று ஒருநாள் கேட்டார். அம்மா பிடித்திருந்த மணிக்கட்டை விடவில்லை.

விடுப்பு முடியுமுன்பே அவர் வேலைக்குத் திரும்பினார். டாக்டர் திட்டினார். சாப்பாட்டு இடைவேளையில் ஷெட்டில் கொஞ்சம் தூங்க முடிகிறது என்றார் அப்பா.

ரிட்டயராகும்வரை முதல் ஷிஃப்டுக்குப் போனார். வீட்டில் ஒருக்களித்துத்தான் படுத்தார். அவர் திரும்பி வரும்வரை அம்மா பகலில் தூங்கமாட்டாள்.