வாப்பா ஏறாத வண்டி

கொடுத்தவனே அழைத்துக்கொண்டான். வாப்பா இல்லாமல் ஓராண்டு முடிகிறது. "வாப்பா நினைவா நல்லதா நாலு வரி எழுதுங்க காக்கா" என்றாள் தங்கை. நல்லதெல்லாம் வாப்பாவுடையது. மற்றதையும் நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

வாப்பா மேலப்பாளையத்தில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை பழகி, வண்ணார்பேட்டையில் சொந்தக் கடை வைத்தார்கள். கால்வாய்த் தண்ணீர் எட்டாத கிணற்று வயல்களிலிருந்து விவசாயிகள் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். யாரையும் வாப்பா மறுநாள் வரச் சொன்னது கிடையாது. "பயிரு காத்துக்கிட்டா கெடக்கும் அண்ணாச்சி? இங்கன இருங்க" என்று உட்காரவைத்து, முடித்துத்தான் அனுப்புவார்கள்.

கல்லூரிக் காலத்தில் எனக்கு மார்க்கப் பற்று பிடித்தது. சீர்திருத்தக் கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுத்தேன். மாற்றம் நான்கு கட்டமாக வரும்: முதலில் தான், அடுத்து வீடு, பிறகு தெரு, கடைசியில் சமுதாயம். நோட்டின் முதல் பக்கத்தில் பச்சை மையால் எழுதி அடிக்கோடும் போட்டேன். போட்டுவிட்டு நேராக இரண்டாம் கட்டத்தில் குதித்தேன். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஓதிவந்த நபி புகழ்ப்பாட்டான மவ்லிது கூடாது என்றேன். உம்மா அழுதார்கள். "அவன் படிச்சுட்டுல்லா சொல்லுதான்" என்று வாப்பா ஓதுவதை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு தெருவுக்கு இறங்கினேன். பெண் வீட்டில் வரதட்சணையாகக் கைக்கூலி வாங்கிய கல்யாணம் என்றால் பந்தியிலேயே எழுந்து பேசுவேன். சாப்பிட உட்கார்ந்தவர்கள் கை கழுவிவிட்டுப் போனதும் உண்டு.

என் கல்யாணம் வந்தது. பெண் வீட்டார் புது பைக் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். "நான் கேக்கலையே, அன்பளிப்புதானே" என்றேன். வாப்பா ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"ஒன்னாம் கட்டம் முடிஞ்சிட்டா லே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வண்டியில் வாப்பா ஒருநாளும் ஏறவில்லை. கடைக்கு டவுன் பஸ்தான். மழையில் நிற்கிறார்களே என்று பக்கத்தில் போய் நிறுத்தினால், "நீ போ லே, நான் பைய வாரேன்" என்பார்கள். முழங்கால் வலி வந்த பிறகும் அப்படித்தான். கடைசி மாதம் டாக்டரிடம் போகவும் ஆட்டோ பிடித்தார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். வீம்பு விடவில்லை. வாப்பா கண் மூடும்வரை விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் என் மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை நீட்டினேன். "இந்தப் பழைய வண்டிய வச்சு நான் என்ன செய்யப் போறேன் மருமவனே?" என்றார். சாவியைத் திண்ணையில் வைத்தேன். டவுன் பஸ்ஸில் திரும்பினேன்.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த உறவினர்களுக்கும், கபர்க் குழி வெட்டிய தெருக்காரர்களுக்கும், வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற அண்ணாச்சிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னால் பந்தி கெட்ட வீட்டார் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.

முடியல வாப்பா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்.